சுவாசம் 20: ஒரு தாதிய மாணவியின் முதலாம் வருடம்

மார்கழி மாதம், விடாத மழை. இலங்கையின் வன்னியில் ஒரு வைத்தியசாலையின் ஆண்கள் மருத்துவ விடுதி (வார்டு). தாதியர் பயிற்சியில் போதனாசிரியரான நான், காலை ஆறரை மணிக்கு முதலாம் வருட மாணவிகளின் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். பதினொராம் கட்டிலில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு ஐயா. காய்ச்சல், இருமல் என்று முதல்நாள் பின்னேரம் வந்தவர். சார்ட்டில் காலை ஆறு மணிக்கு நேரே எழுதியிருந்தது: வெப்பநிலை 38.2, நாடி 88, சுவாசம் 20.

"ஐயா, தேத்தண்ணி குடிச்சீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை பிள்ளை…" என்றார். மூச்சு எடுத்தார். "பிறகு…" மறுபடியும் மூச்சு. "குடிக்கிறன்."

ஒரு வசனத்தை மூன்று துண்டாக்கிப் பேசுகிற மனிதருக்குச் சுவாசம் 20 ஆக இருக்காது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் நின்றுகொண்டு நெஞ்சைப் பார்த்தேன். மூக்கின் இரு பக்கமும் விரிந்து விரிந்து மூடியது. காறை எலும்புக்கு மேலே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுபட்டது. முழு ஒரு நிமிடம் எண்ணினேன். 34. விரலில் கருவியை மாட்டிப் பார்த்தபோது இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 88 வீதம்தான்.

வைத்தியரைக் கூப்பிட்டோம். ஒட்சிசன் வைத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், நுண்ணுயிர் கொல்லி மருந்து அன்றைக்கே ஊசி வழியாகத் தொடங்கியது. நியுமோனியா. ஒன்பது நாளில் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் பிழைத்ததால்தான் இதை இப்படி உட்கார்ந்து எழுத முடிகிறது.

அன்று காலை அவரை இருத்திவிட்டு மற்றக் கட்டில்களின் சார்ட்டுகளைப் பார்த்தேன். ஒன்பதாம் கட்டில், சுவாசம் 20. பத்து, 20. பன்னிரண்டு, 20. பதினாறு வரை ஒரே கையெழுத்து, ஒரே எண். எழுதியது எங்கள் முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி. இந்த ஆய்வு அவளைப் பற்றியது. அவளுடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், எந்த அணி என்பதையெல்லாம் விட்டுவிட்டேன்.

பிள்ளை யார்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு குளத்தடிக் கிராமம். தாய் குத்தகைக்கு வயல் செய்கிறார், மேட்டு நிலத்தில் கச்சான் போடுகிறார். போர் முடிந்த 2009 இல் பிள்ளைக்கு ஆறு வயது. வன்னியில் அந்த வயதுப் பிள்ளைகள் பலரையும் போல அவளும் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு ஊர் திரும்பி, தகரக் கொட்டிலில் நடந்த பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் ஆண்டு படித்தவள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு, தமிழ் மொழிமூலம். பெறுபேறு வந்த பிறகும் தாதியர் பயிற்சிக்கு அழைப்பு வருவதற்குள் நீண்ட காத்திருப்பு. அந்த இடைவெளியில் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

பயிற்சி மூன்று வருடம். முதலாம் வருடம்தான் பலருக்குக் கழுத்தளவு தண்ணீர். வீட்டை விட்டு ஹொஸ்டல், தமிழை விட்டு ஆங்கிலம், கொப்பியை விட்டு மனித உடம்பு. மூன்றும் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன. காலையில் உடற்கூற்றியலும் உடற்றொழிலியலும், மத்தியானம் செய்முறை அறையில் பொம்மைக்குப் படுக்கை விரிப்பு மாற்றுவது, அப்புறம் ஒருநாள் திடீரென்று பொம்மை இல்லை, உண்மையான ஆள். அவருக்கு வலிக்கிறது, வெட்கப்படுகிறார், இருமுகிறார், உங்களை "மிஸ்" என்று கூப்பிடுகிறார். இருபது வயதுப் பிள்ளைக்கு அந்த "மிஸ்" என்ற சொல்லே பயம்.

இந்தப் பிள்ளை முதல் தவணையில் உடற்கூற்றியல் தாளில் ஒன்பது புள்ளி குறைந்து தவறியிருந்தாள். வகுப்பில் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் எழும்பி நிற்பாள், தலையைக் குனிவாள், இருப்பாள். இப்போது இந்தச் சார்ட்.

நாங்கள் சொன்ன காரணங்கள்

அன்று பின்னேரம் போதனாசிரியர்கள் நாங்கள் நான்கு பேர் கூடினோம். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். ஒருவர் சொன்னார், ஆங்கிலம் விளங்காததால் சார்ட் நிரப்பத் தெரியவில்லை. இன்னொருவர், அக்கறையில்லை, விருப்பமில்லாமல் வேலைக்காக வந்த பிள்ளை. நான் சொன்னதுதான் இன்றைக்கு எனக்கு அதிகம் உறுத்துகிறது. "போருக்குள்ள வளர்ந்த பிள்ளை. நோயாளிக்குக் கிட்டப் போகப் பயப்படுறாள் போல. கவுன்சிலிங்குக்கு அனுப்புவம்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது கருணையான பேச்சாகத்தான் பட்டது.

வன்னிப் பிள்ளைகளைப் பற்றி நாங்கள் பேசும்போது இந்தக் காரணம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. போர் அவர்களுக்குள் எதையும் விட்டுச் செல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன். விட்டுத்தான் சென்றிருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை தடுக்கி விழும் ஒவ்வொரு தடவையும் 2009 ஐக் காட்டினால், காலடியில் கிடக்கும் கல்லை யார் பார்ப்பது?

அடுத்த நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். திட்டக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். சார்ட்டின் பிரதியை மேசையில் வைத்துக் கேட்டேன்.

"பிள்ளை, பதினொராம் கட்டில் ஐயாவின்ர மூச்சை எண்ணினியோ?"

"இல்லை மிஸ்."

"எண்ணத் தெரியாதோ?"

"தெரியும் மிஸ். நெஞ்சு ஒருக்கா எழும்பித் தாழ்ந்தால் ஒண்டு. முழு நிமிசம் எண்ணவேணும். எண்ணுறம் எண்டு நோயாளிக்குச் சொல்லக்கூடாது, சொன்னால் மூச்சு மாறும்."

நான் வகுப்பில் சொன்னதை அப்படியே சொன்னாள். ஒரு சொல் தவறவில்லை.

"அப்ப ஏன் எண்ணேல்லை?"

நிறைய நேரம் பேசவில்லை. மழை தகரத்தில் விழும் சத்தம்தான் கேட்டது. பிறகு வலது கையால் இடது மணிக்கட்டைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"மணிக்கூடு இல்லை மிஸ்."

மணிக்கூடு

விடுதியில் மாணவிகள் போன் வைத்திருக்கக் கூடாது. நல்ல விதிதான். சுவரில் ஒரு மணிக்கூடு உண்டு. தாதியர் மேசைக்கு மேலே. நான் போய் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் நின்று பார்த்தேன். எட்டாம் கட்டில் வரைக்கும் அது தெரிகிறது. ஒன்பதிலிருந்து தூண் மறைக்கிறது. அவளுக்குப் பங்கிட்ட கட்டில்கள் ஒன்பது தொடக்கம் பதினாறு. பல வருடங்களாக அந்த விடுதிக்குப் போய் வருகிறேன். தூண் மணிக்கூட்டை மறைக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

பயிற்சிக்கு வரும்போது கொண்டுவர வேண்டிய பொருட்களின் பட்டியலில், நொடிமுள் உள்ள, உடுப்பில் குத்தும் மணிக்கூடு இருக்கிறது. சீருடைத் துணி, வெள்ளைச் சப்பாத்து, தையல்கூலி, புத்தகம், ஹொஸ்டல் சாமான் எல்லாம் வாங்கியதோடு தாயின் கையிருப்பு முடிந்துவிட்டது. பயிற்சிக் கொடுப்பனவு கைக்கு வர மாதங்கள் சென்றன. வந்ததும் வாங்கலாம் என்று நினைத்திருக்கிறாள். தாயிடம் "எல்லாம் வாங்கியாச்சு" என்று சொல்லிவிட்டாள்.

பக்கத்துப் பிள்ளையிடம் இரவல் கேட்கலாம்தானே? நானும் அதைக் கேட்டேன். முதல் கிழமை கேட்டிருக்கிறாள். ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வேலை. மற்றப் பிள்ளை தன் எட்டுக் கட்டிலை முடிக்காமல் எப்படிக் கொடுப்பாள்? நாடியை ஒருவாறு மனதுக்குள் "ஓராயிரம், ஈராயிரம்" என்று நேரம் அளந்து எண்ணினாளாம். சுவாசத்துக்கு அது சரிவரவில்லை. ஒரே மனதில் முழு நிமிடமும் நொடியையும் எண்ணி மூச்சையும் எண்ண முடியாது. யாராலும் முடியாது. அப்போது வேலையில் மூத்த ஒருவர் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: "முந்தின நேரத்தில என்ன இருக்கோ அதைப் பார்த்து எழுது. சுவாசம் எல்லாருக்கும் 20 தான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நாடி விரலுக்குத் தட்டுப்படும். பிரஷருக்குக் கருவி உதவி இருக்கிறது. வெப்பமானி தானே எண்ணைக் காட்டுகிறது. சுவாசம் ஒன்றுக்கு மட்டும்தான் ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கு முன்னால் ஒரு முழு நிமிடம் நிற்க வேண்டும். எட்டுக் கட்டிலுக்கு எட்டு நிமிடம். அவசரமான விடுதியில் முதலில் திருடப்படுவது அந்த எட்டு நிமிடம்தான். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்று படித்திருப்பதால் 20 என்ற எண் யாருடைய கண்ணையும் குத்துவதில்லை. ஆனால் உடம்பு மோசமாகப் போகும்போது பெரும்பாலும் முதலில் மாறுவது சுவாசம். பிரஷர் விழுவதற்கு மணிக்கணக்கில் முன்பே மூச்சு ஏறத் தொடங்கிவிடலாம். வைத்தியர் இரவில் ஒருவரைப் போய்ப் பார்ப்பதா விடுவதா என்று அந்த எண்ணையும் வைத்துத்தான் முடிவெடுப்பார். அந்த ஐயாவின் இரவு பத்து மணிக் கட்டத்திலும் 20 தான் இருந்தது. அது இன்னொருவர் எழுதியது.

ஆகவே பிழை பிள்ளையினுடையது மட்டும் அல்ல. அதற்காக அவளுடைய பங்கை நான் மறைக்கவும் இல்லை. எண்ணாத எண்ணை எழுதுவது பொய். அதை அவளிடம் அந்த வார்த்தையிலேயே சொன்னேன். அழுதாள். அழுது முடிக்கும்வரை இருந்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரு விதி எழுதினோம்: பார்க்காததை எழுதாதே. பார்க்க முடியவில்லை என்றால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, ஏன் என்று பொறுப்புத் தாதியிடம் சொல். வெறும் கட்டத்துக்கு ஏச்சு விழலாம். விழுந்தால் என்னிடம் வா.

என்ன செய்தோம்

என்னிடம் ஒரு பழைய மணிக்கூடு இருந்தது. நான் மாணவியாக இருந்தபோது சட்டையில் குத்தியிருந்தது. புது பற்றரி போட்டுக் கொடுத்தேன். அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். சரியாகவில்லை. அடுத்த இரண்டு கிழமையும் அவளுடைய எண்கள் 18, 20, 18, 20 என்றே வந்தன. மணிக்கூடு சட்டையில் தொங்கியது, கண் சார்ட்டில் இருந்தது. ஒன்றரை மாதம் பழகிய கை அவ்வளவு சுலபமாக மாறாது.

அதனால் கூடவே நின்று எண்ணினோம். காலையில் நான் வந்து அவளோடு ஒரே நோயாளிக்கு முன்னால் நிற்பேன். அவள் மூன்று விரலை நாடியில் வைப்பாள். பெருவிரலை வைக்கக்கூடாது, அதற்கு அதன் சொந்தத் துடிப்பு இருக்கிறது. நாடி எண்ணி முடிந்ததும் கையை எடுக்காமல் பார்வையை மட்டும் நெஞ்சுக்கு மாற்றுவாள். நான் கட்டிலின் மறுபக்கம். இருவரும் பேசுவதில்லை. வெளியே வந்து ஆளுக்கொரு துண்டில் எழுதி, பிறகு ஒப்பிடுவோம். முதல் நாள் ஆறு வித்தியாசம். கிழமை முடியும்போது இரண்டு. பிறகு ஒருநாள் நான் 22 எழுதியிருந்தேன், அவள் 24. திரும்பப் போய் எண்ணினோம். 24 தான். நான் இடையில் பக்கத்துக் கட்டில்காரர் கேட்டதற்குத் தலையாட்டியிருந்தேன். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த மாற்றம்! போதனாசிரியருக்கும் எண்ணிக்கை தப்பும், தப்பினால் திரும்பப் போய் எண்ணலாம் என்பது அவளுக்குப் புதிய செய்தி. அந்த நாளுக்குப் பிறகுதான் வகுப்பில் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

அவள் கேட்ட முதல் கேள்வி சேலைன் துளிக் கணக்கு. 500 மில்லிலீற்றர், எட்டு மணித்தியாலம், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாய். நிமிடத்துக்கு எத்தனை துளி? எட்டை எட்டாகவே வைத்துப் பிரித்தால் 1,250 என்று வரும். பாதி வகுப்பு அப்படித்தான் போட்டு, விடையைப் பார்த்துத் திகைத்து, பக்கத்துக் கொப்பியைப் பார்த்தது. இவள்தான் எழும்பி, "மிஸ், இது துளியில்லை, ஆறு. எங்க பிழை?" என்று கேட்டாள். எட்டு மணித்தியாலம் 480 நிமிடம். 500 ஐ 20 ஆல் பெருக்கி 480 ஆல் பிரித்தால் 20.8, அதாவது 21 துளி. கால் நிமிடத்துக்கு ஐந்து துளிக்குச் சற்று மேல். இதையும் மணிக்கூட்டை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

ஆங்கிலம்

நாங்கள் சொன்ன காரணங்களில் ஆங்கிலம் பாதி உண்மை. அவளிடம் குருதிச் சுற்றோட்டத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன். மேற்பெருநாளம், வலது சோணையறை, முக்கூர் வால்வு, வலது இதயவறை, சுவாசப்பை நாடி என்று தண்ணீர் வாய்க்காலில் போவதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. உயர்தரத்தில் படித்தது அத்தனையும் உள்ளே பத்திரமாக இருந்தது. ஆங்கிலத் தாளில் அந்த அறைகளுக்கு வேறு பெயர்ப்பலகை. அவ்வளவுதான்.

அதனால் புதிதாகப் படிப்பிக்காமல், பெயர்ப்பலகை மாற்றுகிற வேலை செய்தோம். ஒரு நாற்பது தாள் கொப்பி. இடப்பக்கம் ஆங்கிலச் சொல், நடுவில் உச்சரிப்பு தமிழ் எழுத்தில், வலப்பக்கம் தமிழ்ச் சொல். முழுச் சொல்லாக மனனம் செய்வதைவிட அடித்துண்டுகளாகப் பிரிப்பது லாபம். 'டக்கி' வந்தால் வேகம், 'பிராடி' வந்தால் மெதுவு, 'கார்டியா' இதயம், 'ப்னியா' மூச்சு, 'நெஃப்ரோ' சிறுநீரகம், 'ஹெப்பற்றோ' ஈரல், 'ஐற்றிஸ்' என்று முடிந்தால் அழற்சி. இருபது துண்டு தெரிந்தால் நூறு சொல்லை ஊகிக்கலாம். டக்கிப்னியா என்ற சொல்லை அவள் தானாகப் பிரித்து, "வேகமான மூச்சு. பதினொராம் கட்டில்" என்று எழுதியிருந்ததை அந்தக் கொப்பியில் பார்த்தேன்.

ஹொஸ்டலில் பக்கத்துக் கட்டில் ஒரு சிங்களப் பிள்ளை. அவளுக்கு வன்னி நோயாளிகள் பேசுவது விளங்காமல் தவிப்பு. "எங்க நோகுது?" என்பதை இவள் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க, அவள் "கொஹெத ரிதென்னே?" என்பதை இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இரவில் ஒருத்தி நோயாளி, ஒருத்தி தாதி. பயிற்சி மூன்று மொழியில் நடக்கிறது என்பதைப் பாடத்திட்டம் சொல்லித் தராது. பிள்ளைகள் தாங்களே ஒருவருக்கொருவர் கட்டிக்கொள்கிற பாலம் இது. அதற்கு நாங்கள் செய்ய வேண்டியது, அறை பிரிக்கும்போது மொழி பார்த்துப் பிரிக்காமல் இருப்பது மட்டும்தான்.

மாசி மாத இரவு

அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பாம்புக்கடி கூடும். வயலில் குனிந்து நிற்கும் கால்களுக்குக் கண்ணாடி விரியன் எப்போதும் கிட்டத்தான். மாசியில் ஓர் இரவு, சூடடிக்கும் இடத்தில் கடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இவள் அன்று இரவு வேலையில் பார்வையாளராக இருந்தாள். வைத்தியர் இரத்தம் உறைகிறதா என்று பார்க்கச் சொன்னார். நஞ்சு இரத்தத்தைக் கெடுத்திருக்கிறதா என்று அறிய மிக எளிய சோதனை: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம். அசைக்காமல் இருபது நிமிடம். பிறகு ஒருமுறை சரித்துப் பார்ப்பது. உறைந்திருந்தால் ஒரு வழி. தண்ணீர்போல் ஓடினால் நஞ்சு முறிப்பு மருந்து.

"நேரத்தை நீ பார்" என்று பொறுப்புத் தாதி அவளிடம் சொல்லியிருக்கிறார். குழாய்க்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தாளாம். கடிபட்டவரின் மகன் பதறிக்கொண்டு வந்து வந்து கேட்கிறான், குழாயைத் தூக்கிப் பார்க்கப் போகிறான். பத்தாம் நிமிடத்தில் தாதியே, "பாத்தாப்போல ஓடுற மாதிரித்தான் கிடக்கு" என்றிருக்கிறார். இவள் அந்த மகனைக் கையை நீட்டி மறித்து, "இருபது நிமிசம் முடியட்டும் அண்ணா. இன்னும் பத்து இருக்கு" என்று சொன்னாளாம். இருபது முடிந்ததும் சரித்தார்கள். ஓடியது. மருந்து ஏற்றினார்கள், ஒவ்வாமை வருகிறதா என்று பக்கத்திலேயே நின்றார்கள். விடியும்வரை அவருடைய சுவாசம், நாடி, பிரஷர், பல் முரசில் இரத்தம் கசிகிறதா என்பதெல்லாம் இவள் கையெழுத்தில் சார்ட்டில் ஏறியிருந்தன. அந்தச் சார்ட்டை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். சுவாசம்: 22, 19, 21, 18, 18, 17. நான்கு மணிக்கு ஒரு கட்டம் வெறுமை. பக்கத்தில் சின்ன எழுத்தில்: "எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனார்கள். பார்க்கவில்லை."

பிறகு

தவறிய உடற்கூற்றியல் தாளை இரண்டாம் முறை எழுதித் தேறினாள். வருடக் கடைசிச் செய்முறைச் சோதனையில் நன்றாகச் செய்தாள். மருந்தியல் இன்னும் கஷ்டம். மருந்துகளின் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. அதற்கு வேறொரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். கொடுப்பனவு வந்த மாதமே சொந்த மணிக்கூடு வாங்கி, என்னுடையதை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். தாய் கொடுத்துவிட்ட கச்சான் ஒரு பையும் கூட வந்தது.

போதனாசிரியர்கள் நாங்கள் செய்தவை சில உண்டு. விடுதியின் சுவர் மணிக்கூட்டை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து மாற்றினார்கள். இப்போது பதினாறாம் கட்டில் வரை தெரிகிறது. கிழமைக்கு ஒருநாள் அறிவிக்காமல் போய், மாணவி எண்ணிய சுவாசத்தை நாங்களும் எண்ணிப் பார்க்கிறோம். வேலையில் மூத்தவர்களுடைய எண்ணையும் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. திரும்பவும் கேட்பேன்.

இந்த வருடம் புதிய அணி வந்த முதல் நாள், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "எல்லாம் இருக்கோ?" என்று கேட்டேன். எல்லாரும் "ஓம் மிஸ்" என்றார்கள். பிறகு ஒவ்வொருவராக என் மேசைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மணிக்கூட்டைக் காட்டச் சொன்னேன். நான்கு பேரிடம் இல்லை. லாச்சியைத் திறந்தேன்.